தூங்குமூஞ்சி மரத்தில் கரி பூசியது யார்?

மாசி, பங்குனி வந்துவிட்டால் மும்பையில் ஒரு புகார் தவறாமல் எழும். மரத்தடியில் நிறுத்திய காரின் மேல் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. துணியால் துடைத்தால் போகவில்லை. இரண்டு நாள் விட்டால் அதன்மேல் தூசி, தூசியின்மேல் கறுப்பு. நிமிர்ந்து பார்த்தால் மரத்தின் இலைகளிலும் கரி பூசினாற்போல் இருக்கிறது. "எல்லாம் டீசல் புகை சார், இந்த ஊரில் மரத்துக்கே மூச்சு முட்டுகிறது" என்பார் ஒருவர். "மரத்திலிருந்து பிசின் வடிகிறது, ஏதோ வியாதி" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பேச்சை முடித்து வைப்பார்: "வெட்டிவிடலாம்."

மாதுங்கா, சயான், செம்பூர், முலுண்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலரும் தங்கள் சொசைட்டி கூட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன். நான் தாவர சாஸ்திரம் படித்தவனல்ல. டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு பழுது என்றால் அதன் காரணம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போவது எங்கள் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம். தண்டவாளம் அமிழ்ந்தால் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். அடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்ப்போம். இந்தக் கறுப்பு விஷயமும் அப்படித்தான். கறுப்பு ஓரிடத்தில் தெரிகிறது, காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் புகை என்கிற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளின் தொடக்கத்தில் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. லோகோ ஷெட்டை ஒட்டிய மரங்களில் படியும் புகைக்கரியை அன்றாடம் பார்த்தவன் நான். அது ஷெட்டைப் பார்த்த பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பசையோடு விரலில் அப்பிக்கொள்ளும். இப்போது உங்கள் வாசல் மரத்தின் கறுத்த இலை ஒன்றைப் பறித்துப் பாருங்கள். கறுப்பு பெரும்பாலும் இலையின் மேற்பக்கத்தில்தான் இருக்கும். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால், காய்ந்த சாயம் உரிவதுபோல் மெல்லிய ஏடாக உரிந்து வரும். அடியில் இலை பச்சையாகவே இருக்கும். அது புகையல்ல, உயிருள்ள பூஞ்சணம். கரும்பூஞ்சணம் என்று வேளாண்மைத் துறையினர் சொல்வார்கள். இதில் பல இனங்கள் உண்டு. பேர்போன ஓர் இனத்துக்குக் கேப்னோடியம் என்று பெயர். கிரேக்க மொழியில் 'கேப்னோஸ்' என்றால் புகை. ஆக, பெயர் வைத்தவருக்கும் புகை ஞாபகம்தான் வந்திருக்கிறது. நம் சொசைட்டிக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது, மரத்துக்கு வியாதி என்கிற சந்தேகம். இந்தப் பூஞ்சணம் இலைக்குள் வேர்விட்டுச் சாற்றை உறிஞ்சுவதில்லை. இலை அதற்கு வெறும் தரை. தரையில் சிந்திக் கிடக்கும் சர்க்கரைதான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் அது காரின் மேலும் வளர்கிறது, சிமெண்ட் பெஞ்சின் மேலும் வளர்கிறது, கைப்பிடிச் சுவரிலும் துணி காயப்போடும் கொடியிலும் வளர்கிறது. மரத்தடியில் குரோட்டன்ஸ் தொட்டி இருந்தால் அதன் இலைகளும் கறுத்திருக்கும். குரோட்டன்ஸில் எங்கு தேடினாலும் ஒரு பூச்சி கிடைக்காது. அப்படியானால் சர்க்கரை மேலிருந்து சொட்டுகிறது என்று அர்த்தம்.

சொட்டுவது யார்? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

மரத்தின் உடம்பில் இரண்டு குழாய்த் தொகுதிகள் இருக்கின்றன. எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால் ஒன்று அப் லைன், மற்றது டவுன் லைன். சைலம் என்ற அப் லைன் வேரிலிருந்து தண்ணீரையும் உப்புகளையும் மேலே கொண்டுபோகிறது. புளோயம் என்ற டவுன் லைன் இலையில் தயாரான சர்க்கரையைக் கீழே இறக்குகிறது. தேவைப்பட்டால் தளிருக்கும் பூவுக்கும் பிஞ்சுக்கும் திருப்பியும் விடுகிறது. இந்தச் சர்க்கரைக் குழாய் அழுத்தத்தில் ஓடுவது. ரயில் வண்டியின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் வைக்கிறோம். மரத்தின் சர்க்கரைக் குழாயில் அந்த அளவுக்குக் குறையாத அழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். எப்படி அளந்தார்கள் தெரியுமா? அசுவினிப் பூச்சி தன் ஊசிவாயைக் குழாயில் செருகியிருக்கும்போது, பூச்சியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஊசி மரத்திலேயே நின்றது. அதன் வழியாகச் சாறு மணிக்கணக்கில் தானாகவே வெளியே வந்துகொண்டிருந்தது. மனிதன் செய்யும் கருவியால் அவ்வளவு நுட்பமாக அந்தக் குழாயைத் தொடுவது கடினம்.

ஆகவே சாறு உறிஞ்சும் பூச்சி என்று நாம் சொன்னாலும், இந்தக் குழாயில் வாய் வைத்த பூச்சி கஷ்டப்பட்டு உறிஞ்ச வேண்டியதில்லை. மரமே ஊட்டிவிடுகிறது. ஆனால் அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், உடம்பு வளர்க்கும் புரதச் சத்துக்கான பொருள் சொற்பம். வேண்டிய சத்து கிடைக்கப் பூச்சி அளவுக்கு மீறிக் குடித்தாக வேண்டும். மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரைப் பின்பக்கமாக வெளியேற்றியாக வேண்டும். அதுதான் தேன்துளி. காரின் மேல் விழுவது பிசினல்ல. நாசூக்கில்லாமல் சொல்வதென்றால் பூச்சியின் கழிவு. அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி என்று இந்தக் கூட்டம் பெரிது. மாம்பூவில் தத்துப்பூச்சி வந்த வருஷம் மாவிலை கறுப்பதை ஊரில் தோப்பு வைத்திருப்பவர்கள் அறிவார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் 2016ல் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தவர்கள் "தென்னை ஓலையெல்லாம் தீயில் கருகினாற்போல் இருக்கிறது" என்றார்கள். கருகவில்லை, இதே கரும்பூஞ்சணம்தான். அங்கே மைதா மாவைக் கஞ்சியாகக் கரைத்து ஓலைமேல் தெளிக்கச் சொல்கிறார்கள். கஞ்சி காய்ந்து பொருக்காக உதிரும்போது பூஞ்சணத்தையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. நம் பாட்டிமார்கள் கஞ்சி போட்ட புடவையை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும்.

தூங்குமூஞ்சி மரத்துக்கும் இந்தச் சொட்டுக்கும் பழைய உறவு இருக்கிறது. இங்கே எல்லோரும் 'ரெயின் ட்ரீ' என்கிறார்களே, மழை மரம் என்ற பெயர் எப்படி வந்தது? மழை வரும்போதும் மாலையிலும் இலை மடிவதால் என்று ஒரு விளக்கம் உண்டு. நம் தமிழ்ப் பெயரும் அந்த இலை மடிப்பைப் பார்த்து வைத்ததுதான். இன்னொரு விளக்கம்: அதன் தாயகமான தென் அமெரிக்கப் பகுதிகளில் மரத்தடியில் எப்போதும் தூறல் விழுமாம். 1855 செப்டம்பரில் பெரு நாட்டின் தராப்போத்தோ ஊருக்கு அருகே ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், அப்படி மழை மரம் என்று அவ்வூரார் சொன்ன ஒரு மரத்தடியில் நின்றார். வானம் துல்லியமாக இருந்தது. மரத்தடியில் மட்டும் நல்ல தூறல். நிமிர்ந்து பார்த்தால் கிளையெல்லாம் சில்வண்டுகள்! தளிர்களில் சாற்றைக் குடித்துவிட்டுத் தெளிந்த நீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. சில்வண்டு குடிப்பது அப் லைனில் ஓடும் தண்ணீரை. அதனால் அந்தத் தூறல் அவ்வளவாகப் பிசுபிசுக்காது. நம் கார்மேல் விழுவது டவுன் லைன் சரக்கு.

இந்தக் குடும்பத்தில் ரயில்வேக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. அரக்குப் பூச்சியும் ஒருவகைச் செதில் பூச்சிதான். கூட்டமாகக் கிளையை மூடிக்கொண்டு சாறு குடித்து, தன்மேல் அரக்கைப் போர்த்திக்கொள்ளும். ஸ்டேஷன் வசூல் பணம் போகும் தோல்பையின் வாயில் வைத்த முத்திரை அந்த அரக்கு. மோட்டார் சுருளுக்குக் காப்பாகப் பூசிய வார்னிஷ் அந்த அரக்கு. பாகவதர் பாட்டைக் கேட்ட பழைய இசைத்தட்டும் அதே அரக்கு. இதற்காகவே ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. தாய்லாந்தில் அரக்கு வளர்ப்பதே தூங்குமூஞ்சி மரத்தில்தான். அரக்கு வளர்க்கும் மரத்திலும் தேன்துளி சொட்டும், கரும்பூஞ்சணம் படரும். அங்கே அதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை.

சரி, மும்பைக்கு வருவோம். 2010ஐ ஒட்டித் தொடங்கி அடுத்த பத்தாண்டுகளில் இந்த நகரத்தின் தூங்குமூஞ்சி மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போயின. பத்திரிகைகளும் எழுதின. கொடை விரித்தாற்போல் தெருவின் இரு பக்கத்தையும் மூடிய மரங்கள் எலும்புக்கூடாக நின்றதை நாமே பார்த்தோம். முன்னணிக் குற்றவாளி மாவுப்பூச்சி. கிளைக் கணுக்களில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தாற்போல் வெள்ளையாக அப்பியிருக்கும். பெண் பூச்சிக்குச் சிறகே கிடையாது. பஞ்சுபோன்ற பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் ஊர்ந்தும், காற்றில் பறந்தும், எறும்பு தூக்கியும், வெட்டிய கிளையை இழுத்துப்போகும் டெம்போவில் ஏறியும் அடுத்த மரத்தை அடையும். வளர்ந்த பூச்சியின் மேல் மெழுகு மாவு இருப்பதால் மருந்தடித்தால் நனையாது, தாமரை இலைத் தண்ணீர்தான்.

ஆனால் மாவுப்பூச்சி வந்த மரமெல்லாம் சாகவில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. எங்கள் சொசைட்டியில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். ஒன்று கேட் அருகே, மற்றது பின்புறம் திறந்த வாய்க்கால் ஓரம். இரண்டிலும் பூச்சி, இரண்டிலும் கரி. கேட் மரம் மட்டும் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டே வந்தது. 2019ல் அந்த மரத்தின் அடிமரம் வரைக்கும் பேவர் பிளாக் பதித்திருந்தார்கள். அதற்கு முன்பே கேபிளுக்காக ஒரு பக்கம் பள்ளம் தோண்டி, மணிக்கட்டு கனத்துக்கு வேர்களை அறுத்திருந்தார்கள். பின்புற மரத்தைச் சுற்றி மண் அப்படியே இருந்தது, யாரும் அதை அழகுபடுத்த நினைக்காத காரணத்தால்.

தண்டவாளத்தின் அடியில் ஜல்லி போடுகிறோமே, அது எதற்கு? பாரத்தைப் பரப்பவும், தண்ணீர் வடியவும். ஜல்லிக்கு நடுவில் சேறு ஏறி இடைவெளி அடைத்துவிட்டால் ஜல்லி ஜல்லியாக இருக்காது. சலித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். மண்ணும் அதுபோலத்தான். மண் துகள்களுக்கு நடுவில் காற்றும் தண்ணீரும் போக இடம் இருந்தால்தான் வேர் வேலை செய்யும். தூங்குமூஞ்சி மரத்தின் வேர் ஆழமாகப் போவதைவிட அகலமாகப் பரவுவது. அதன்மேல் கான்கிரீட்டை ஊற்றி, ரோலரையும் ஓட்டினால், மழைக்கால ஊரிலேயே மரம் தாகத்தில் நிற்கும். தாகத்தில் நிற்கும் மரம் பூச்சிக்கு ஈடுகொடுக்க முடியாது. சூடும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் ராலே நகரத் தெருவோர ஓக் மரங்களை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். ஒரே ஊர், ஒரே மரம். ஆனால் வெப்பம் மிகுந்த தெருக்களில் செதில் பூச்சி பல மடங்கு அதிகம். நம் ஊரில் பங்குனி வெயிலில் கான்கிரீட் ரோட்டில் செருப்பில்லாமல் நின்று பார்த்தால் ஆய்வு தேவைப்படாது. அதே 2013ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது பெரிய மரத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர்தான். இருந்தாலும் இல்லாததற்கு மேல்.

எங்கள் சொசைட்டிப் பொதுக்கூட்டத்தில் இரண்டு மரத்தையும் வெட்டிவிடத் தீர்மானம் வந்தது. இதற்கிடையில் ஒரு காண்டிராக்டர் வந்து இலைக்கரியைப் பார்த்துவிட்டுப் பூஞ்சணக்கொல்லி அடிக்க எஸ்டிமேட் கொடுத்திருந்தார். சர்க்கரை சொட்டுவது நிற்காமல் பூஞ்சணத்துக்கு மருந்தடிப்பது, ஒழுகும் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது. மேலும் இருபது மீட்டர் உயர மரத்துக்கு முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் எந்த மூலைக்கு? மருந்தில் பாதி மூன்றாம் மாடி மாமி உலர்த்திய வடகத்தின் மேல்தான் விழும். அந்த எஸ்டிமேட்டைக் கூட்டம் நிராகரித்தது.

வெட்டும் விஷயம் அவ்வளவு எளிதல்ல. மகாராஷ்டிரத்தில் 1975ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் சொந்த வளாகத்து மரமானாலும் மர அதிகாரியின் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. அதே சமயம் மரத்தின்மேல் உள்ள பாசத்தால் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. கேட் மரத்தின் பட்ட கிளை ஒன்று, பள்ளி வேனுக்குக் குழந்தைகள் காத்து நிற்கும் இடத்துக்கு நேர்மேலே இருந்தது. பட்ட கிளை ஆனி ஆடிக் காற்றில் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விழுவதில்லை. அதிகாரி வந்து பார்த்தார். அடிமரத்தைத் தட்டினால் பொள்ளென்று சத்தம். 2023 மழைக்கு முன்னால் அனுமதியோடு அதை இறக்கினோம். நானும் அதற்குக் கை தூக்கினேன். அன்று மாலை கேட் பக்கம் வந்த வெளிச்சம் யாருக்கும் பிடிக்கவில்லை. இரண்டையும் வெட்டச் சொன்னவர்களுக்குக்கூட. பின்புற மரம் பிழைத்துக்கொண்டதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

பின்புற மரத்துக்கு என்ன செய்தோம்? முதலில் எறும்பு. மரத்தில் ஏறி இறங்கும் எறும்பு வரிசையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எறும்புக்கு மாவுப்பூச்சி கறவை மாடு. தேன்துளியைக் குடித்துவிட்டு, அதற்குக் கைம்மாறாகப் பூச்சியைத் தின்ன வரும் வண்டுகளையும் குளவிகளையும் விரட்டிக் காவல் காக்கிறது. எறும்பைத் தடுத்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். வட இந்தியாவில் மாந்தோப்புக்காரர்கள் மார்கழியில் அடிமரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டி, கீழ் விளிம்பில் கிரீஸ் தடவுவார்கள். மண்ணிலிருந்து ஏறும் மாவுப்பூச்சிக் குஞ்சுகளுக்காகச் செய்த ஏற்பாடு அது, எறும்புக்கும் பொருந்தும். கிரீஸை நேராகப் பட்டையில் தடவக்கூடாது, பட்டை கெட்டுவிடும். தாளுக்கு அடியில் பட்டையின் வெடிப்புகளைக் களிமண்ணால் அடைக்காவிட்டால் எறும்பு சுரங்கப்பாதை போட்டுக்கொள்ளும். சுவரையோ கேபிளையோ தொடும் கிளை இருந்தால் அது எறும்புக்கு மேம்பாலம். அதைக் கழிக்க வேண்டும், அதற்கும் அனுமதி வாங்கித்தான்.

இரண்டாவது, அந்த 'மற்றவர்கள்' யார் என்று தெரிந்துகொள்வது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டு இருக்கிறது. கிரிப்டோலீமஸ் என்று பெயர். உடம்பு கறுப்பு, தலைப்பக்கம் செம்மஞ்சள். இதன் புழுதான் மாவுப்பூச்சியின் எமன். ஆனால் விதியைப் பாருங்கள்: இந்தப் புழுவின் உடம்பிலும் வெள்ளை மெழுகு குஞ்சம் குஞ்சமாக இருக்கும். பார்த்தால் பெரிய மாவுப்பூச்சி என்றே தோன்றும். எங்கள் மாலி ஈர்க்குச்சியால் சுரண்டிச் சுரண்டி இவற்றைத்தான் முதலில் கொன்றுகொண்டிருந்தார், பெரிதாக இருக்கிறது என்று. அடையாளம் சொல்கிறேன். தொட்டால் மாவுப்பூச்சி அசைந்தால் அதிகம். இந்தப் புழு விறுவிறுவென்று நடக்கும். நடப்பவரை விட்டுவிடுங்கள்.

கண்ணுக்கே தெரியாத குளவிகளும் உண்டு. நம் கொங்கு நாட்டு விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. அடித்த மருந்துக்கெல்லாம் அசையவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, விட்டார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசிரோஃபாகஸ் என்ற குளவி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தீர்த்தது. ஓரிரு வருஷத்தில் பிரச்சினை அடங்கியது. ஆனால் அது பப்பாளி மாவுப்பூச்சிக்கான குளவி. தூங்குமூஞ்சி மரத்தில் எந்த வகை இருக்கிறது என்று விஷயம் தெரிந்தவரைக் கொண்டு பார்க்காமல் எதையும் வாங்கி விடுவது வீண்.

இந்த வண்டுகளுக்கும் குளவிகளுக்கும் நகரத்தில் பெரிய எதிரி கொசுப்புகை. மாலை நேரத்தில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு வருகிறதே, அந்த மெஷின். 1960களில் கலிபோர்னியாவில் டாஹோ ஏரிக்கரையில் கொசுவுக்காக மாலத்தியான் புகை அடித்தார்கள். கொசு என்ன ஆனதோ, பைன் மரங்களில் செதில் பூச்சி பெருகிவிட்டது. புகை, ஓட்டுக்குள் ஒளிந்த செதில் பூச்சியைத் தொடவில்லை. பறந்து திரிந்த குளவிகளைக் கொன்றுவிட்டது. புகை அடிப்பதை நிறுத்தியதும் குளவிகள் திரும்பின, செதில் பூச்சி சரிந்தது. டெங்குவும் மலேரியாவும் உள்ள ஊரில் புகையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கொசு முட்டையிடும் தண்ணீரைக் கொட்டாமல், மரத்தைப் பார்த்துப் புகை விடுவதில் அர்த்தமில்லை என்பேன். பூந்தொட்டித் தட்டுகளிலும் மொட்டைமாடி டயர்களிலும் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டு, புகைக்காரரிடம் பின்புறம் வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.

மூன்றாவதாக, எஞ்சிய மரத்தைச் சுற்றி எதிர்காலத்தில் பேவர் பிளாக் வராதபடி ஒன்றரை மீட்டர் வட்டத்துக்குத் தாழ்வான வரப்பு கட்டி, உதிர்ந்த இலைகளையே அதில் போட்டு வைத்தோம். மாசி முதல் வைகாசி வரை வாரம் ஒருமுறை இரவில் டேங்கர் மிச்சத் தண்ணீர் அங்கே போகிறது. கைக்கு எட்டும் கிளைகளை மட்டும் ஹோஸ் பைப்பால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறோம். மேலே உள்ளவற்றை ஆனி மாத மழை கழுவிவிடும். மும்பை மழைக்கு ஈடான ஸ்பிரேயர் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. அடிமரத்தில் துளையிட்டு மருந்து ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். ஒவ்வொரு துளையும் ஒரு காயம். பூக்கும் காலத்தில் ஏற்றினால் மருந்து பூவுக்கும் தேனீக்கும் போகும். வேண்டாமென்றேன்.

பின்புற மரத்தில் பூச்சி இப்போதும் இருக்கிறது. இல்லாமல் போகாது, போகவும் வேண்டியதில்லை. முழுக்கப் போய்விட்டால் வண்டுகளுக்குச் சாப்பாடு ஏது? சென்ற இரண்டு கோடைகளில் உச்சிக் கிளைகள் புதிதாகப் படவில்லை. சித்திரையில் இளஞ்சிவப்புப் பூக்கள் மொட்டைமாடி உயரத்தில் நிறைந்தன. கரி பாதிக்கு மேல் குறைந்தது. இது எறும்புப்பட்டையாலா, தண்ணீராலா, நல்ல மழையாலா என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு மரம் போதாது.

பால்கனியில் செம்பருத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வேலை சுலபம். மாவுப்பூச்சி தென்பட்ட தளிரைக் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மாடியிலிருந்து கீழே எறியாதீர்கள், கீழ்வீட்டுச் செடிக்குப் போய்ச் சேரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய ஒரு சிட்டிகை சோப்பு. மாலையில் இலையின் அடிப்பக்கமும் கணுவும் நனையத் தெளித்து, வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. வேளாவேளைக்கு உரம் போட்டுத் தளிரைக் கொழுக்க வைக்காதீர்கள். பூச்சி விரும்புவது அதைத்தான்.

காரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தேன்துளி சர்க்கரைதான், புதிதாக இருக்கும்போது வெறும் தண்ணீரில் கரையும். அன்றன்றே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பூஞ்சணம் ஏறாது. வெயிலில் காய்ந்து இறுகிவிட்டால் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் தூசி பெயிண்டைக் கீறும். கண்ணாடி துடைக்கும் வைப்பரை அதன்மேல் ஓட்ட வேண்டாம்.